ஒழுகிய வண்டியும் ஒழுகாத வண்டியும்

பெரியப்பாவின் டாக்ஸிக்கும் ஒரு குடம் தண்ணீர் உண்டு. 1980-களின் நடுவில், விடியுமுன் தாராவித் தெருக்குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் பெரியம்மா வரிசையில் நின்று பிடித்துவரும் குடங்களில் ஒன்று வண்டிக்கென்றே ஒதுங்கிவிடும். அதில் பாதியை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, மீதியை எண்ணெய் கேனில் நிரப்பி டிக்கியில் வைத்துக்கொள்வார் பெரியப்பா. அதன்பிறகுதான் ஊதுபத்தி, அதன்பிறகுதான் சாவி.

வண்டியின் பெயர் பிரீமியர் பத்மினி. ஆனால் பம்பாயில் அதை எல்லாரும் ஃபியட் என்றே சொன்னார்கள். இத்தாலியின் ஃபியட் 1100 வடிவத்தை எடுத்து, எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் குர்லாவில் இருந்த தொழிற்சாலையில் செய்த வண்டி. 1089 சிசி எஞ்சின். பானட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முன்னால் பித்தளையும் செம்புமான ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஃபேன், ஃபேன் மாட்டியிருக்கும் அதே தண்டில் வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட் ஒன்றே பம்ப்பையும் டைனமோவையும் சுற்றும். சிறுவனாக டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே தண்ணீர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று விளங்கிவிட்டது.

பாந்த்ராவுக்குக் கடல் பாலம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் தாதர் பக்கமிருந்து பாந்த்ராவுக்குப் போகிற வண்டிகள் மாஹிம் காஸ்வேயில்தான் நெருக்கியடித்து நிற்கும். புதன்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மாஹிம் மாதா கோயிலில் நொவேனா. மெழுகுவர்த்தி வாங்குகிற கூட்டமும் பஸ்ஸும் டாக்ஸியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வண்டி நின்றால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடையாது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் ஃபேனும் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஓடும்போது தெரியாத கசிவு அப்போதுதான் வேலையைக் காட்டும். பெரியப்பாவுக்கு மூக்குதான் மீட்டர். ரப்பர் வேகிற வாடை லேசாக வந்ததுமே ஓரம்கட்டிவிடுவார். நான் கிட்டே போனால் அதட்டல் விழும்:

"ஏல, தள்ளி நில்லு! சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

பம்ப் ஒழுகினால் வண்டி மாஹிம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த பட்டறைக்குப் போகும். மிஸ்திரி எங்கள் ஊர்ப்பக்கம், தூத்துக்குடிக்காரர். வாட்டர் பம்ப்பின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்துக்கும் தண்டைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் ஒரு சீல் உண்டு. சீல் தேய்ந்தால் அதைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்கில் ஏறாமல் இந்தத் துளை வழியாகச் சொட்டி வெளியேறிவிடும். டாக்ஸிக்காரர்கள் சிலர் எம்-சீலை உருட்டி அதை அடைத்துவிட்டு, ஒழுகல் நின்றுவிட்டதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் பேரிங்குக்குள் போகும், கிரீஸ் கரையும், தண்டு ஆடும். ஒருநாள் ஃபேன் இறக்கை முன்னால் சாய்ந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். மிஸ்திரி இதைப் பெரியப்பாவிடம் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது:

"அண்ணாச்சி, இந்த ஓட்டைய எவனையும் அடைக்க விட்டுறாதீய. இது ஒழுகணும்னே வச்ச ஓட்டை."

துளையில் சொட்டினால் சீல் போயிற்று. பம்ப்புக்குப் பின்னால், அது எஞ்சின் பிளாக்கோடு ஒட்டுகிற இடத்தில் நனைந்திருந்தால் கேஸ்கட் போயிற்று. இரண்டும் ஒன்றுபோலவே கீழே சொட்டும், வைத்தியம் வேறு. அதனால் மிஸ்திரி முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிடுவார். எஞ்சினை ஓடவிட்டு, முதல் ஈரம் எங்கே பூக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமைதான் அவருடைய தொழில் என்று இப்போது தோன்றுகிறது. கேஸ்கட்டைக் கடையில் தேடமாட்டார். பம்ப்பின் வாய்மேல் கேஸ்கட் பேப்பரை வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பார். போல்ட் துளைகள்கூட அந்தத் தட்டலிலேயே விழும்.

தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரில் துருவைத் தடுக்க எதுவும் கிடையாது. குழாய் வராத நாளில் கிணற்றின் உப்புத் தண்ணீரையும் ஊற்றுவார்கள். உள்ளே இரும்பு துருப்பிடிக்கும், சுண்ணாம்பு படியும், ரேடியேட்டரின் மெல்லிய குழல்கள் அடைபடும். சிறு கசிவுக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுகிற வழக்கமும் இருந்தது. அது கசியும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும், நல்லதாக ஓடும் இடத்திலும் அடைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து முறைகளெல்லாம் பொன்னானவை என்று நான் சொல்லமாட்டேன். அவற்றில் பாதி எஞ்சினைக் கொன்றன.

குர்லா ஆலையில் பத்மினி உற்பத்தி நின்று, கடைசிப் பத்மினி டாக்ஸிகள் 2003-இல் பதிவாகின. டாக்ஸிக்கு இருபது ஆண்டுதான் ஆயுள் என்ற விதிப்படி அவையும் 2023 அக்டோபர் இறுதியோடு சாலையை விட்டுப் போயின. பெரியப்பாவின் வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

இப்போது நான் ஓட்டும் வண்டி மூடிய அமைப்பு. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் துருத்தடுப்பானும் கலந்த கூலண்ட், ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓடும். அழுத்தம் தாங்கும் மூடி இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மின்சார ஃபேன், வண்டி நின்றாலும் தானே சுற்றும். ஒவ்வொன்றும் பழையதைவிட மேல், சந்தேகமில்லை. பெரியம்மாவின் ஒரு குடம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் தினமும் ஒழுகிய வண்டியை ஒருவர் தினமும் திறந்து பார்த்தார். ஒழுகாத வண்டியை யாரும் திறப்பதில்லை. சின்னக் கார்கள் பலவற்றில் இப்போது வெப்ப முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு ஒன்றுதான். அந்த விளக்குக்குச் செய்தி சொல்கிற சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூட்டைச் சரியாக அளக்கும். மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் ஆவியையும் காற்றையும்தான் அளக்கிறது. எஞ்சின் தலைப்பகுதி வளைந்துகொண்டிருக்கும்போதுகூட விளக்கு எரியாமல் போகலாம். நாள்தோறும் தண்ணீர் கேட்ட ஃபியட் பல ஆண்டு ஓடிற்று. எதுவும் கேட்காத வண்டி ஒரே மதியத்தில் செத்துப்போகும். டாக்ஸிக்காரர் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் இது என்னை உறுத்துகிறது. எஞ்சின் போனால் ஒரு குடும்பத்தின் சில மாதச் சாப்பாடு போகும் என்று பார்த்தே வளர்ந்தேன்.

என் வண்டியில் கூலண்ட் டப்பாவின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டும் இல்லை. மாஹிமில் இப்போது நான் போகும் பட்டறையை நடத்துகிற பையன் தாராவியில் பிறந்தவன், எங்கள் பக்கத்துத் தமிழும் பம்பாய் இந்தியும் கலந்து பேசுவான். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்ப்பை மாட்டினான். மூடியில் குறித்திருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்தபடி நின்றான். முள் மெல்ல இறங்கியது. சிறு கேமராவை இடுக்கில் விட்டுத் தேடினான். பம்ப்பின் துளை காய்ந்திருந்தது. அதற்குப் பின்பக்கம், பிளாக்கை ஒட்டி வருகிற இரும்புக் குழாய் ஒன்று பம்ப்புக்குள் செருகியிருக்கும் இடத்தில் பச்சைக் கறை. குழாயைச் சுற்றியிருந்த ஓ-ரிங் சூட்டில் இறுகித் தட்டையாகிப்போயிருந்தது. அங்கே கசிந்ததெல்லாம் சூடான இரும்பிலேயே ஆவியாகிவிட்டது. அதனால்தான் தரையில் சொட்டில்லை.

சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையம். அதைத் தொட பெல்ட், மவுண்டு, டைமிங் கவர், டைமிங் பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டும். இவ்வளவு கழற்றியபின் பழைய பம்ப்பையும் பழைய டைமிங் பெல்ட்டையும் திரும்ப மாட்டுவது சரியில்லை என்றான். நானும் அதையே நினைத்தேன். குழாயின் நுனியில் படிந்திருந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தான். புது ஓ-ரிங்கில் கூலண்டையே தடவி, நேராகப் பிடித்துச் செருகினான். கிரீஸ் தடவவில்லை. பெட்ரோலியக் கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைத்துவிடும் என்று அவனே சொன்னான்.

வெளியே எடுத்த கூலண்டை அகலமான டப்பில் பிடித்து, கேனில் ஊற்றி மூடினான். இதற்காகவே அவனிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. தெருவில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கும்; கொஞ்சமே போதும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். மாஹிம், தாராவிச் சாக்கடைகள் மித்தி ஆற்றிலும் மாஹிம் கழிமுகத்திலும் போய்ச் சேர்கின்றன. பெரியப்பாவின் வண்டி ஒழுக்கியது வெறும் தண்ணீர், தெருவுக்குக் கேடில்லை. இன்றைய வண்டி ஒழுக்குவதைத் தெருவில் விடக்கூடாது. பல பட்டறைகளில் இன்னமும் அதைச் சாக்கடையில்தான் ஊற்றுகிறார்கள். இந்தக் கேன்களை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் வண்டி வைத்திருக்கும் நாம்தான்.

புதுக் கூலண்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டான். உள்ளே சிக்கிய காற்று குமிழ்குமிழாக வந்தது. ஃபேன் சுற்றி நின்று மறுபடி சுற்றும்வரை அவன் நகரவில்லை. பிறகு மட்டத்தைச் சரிசெய்து மூடினான்.

"அண்ணே, நாளைக்குக் காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, ஆறுன எஞ்சின்ல டப்பாவப் பாருங்க. இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா ஓட்டாதீங்க, எனக்கு ஃபோன் போடுங்க. சரியா இருந்தாலும் வாரத்துக்கு ஒருவாட்டி பாருங்க" என்றான். டப்பாவின் கோட்டில் மார்க்கரால் தடித்த கறுப்புக் கோடு ஒன்றும் போட்டுக் கொடுத்தான்.