கலந்துரையியல்: கல்லடி உரையுடன்

நூலுக்கு வரும் குற்றம் பத்து என்று வகுத்துவைத்தார் நன்னூல் செய்த பவணந்தி. அவர் காலம் 13ஆம் நூற்றாண்டு. தாதியர் ஆய்வேடு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் அந்தப் பத்துக்கும் உதாரணம் தேடி அலைந்திருக்க மாட்டார், ஒரே அத்தியாயத்தில் எல்லாம் கிடைத்திருக்கும். அந்த அத்தியாயத்தின் பெயர் கலந்துரையாடல். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு தாதியரின் ஆய்வேடுகளுக்கு இங்கிலீசு திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில், அதன் பேதங்களை வகுத்து உரைப்பது இவ்வுரையின் நோக்கம் என்க.

எதற்கு இந்த அத்தியாயம் எனின், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலார் 1965இல் ஆய்வுக்கட்டுரையை நாலு கேள்வியாகச் சுருக்கினார்: ஏன் தொடங்கினாய், என்ன செய்தாய், என்ன கண்டாய், கண்டதற்கு என்ன பொருள். முதல் மூன்றுக்கும் விடை கொப்பியிலும் கணினியிலும் கிடக்கும். நாலாவதுக்கு எழுதுகிறவரே பொறுப்பு. பிள்ளைகள் முடங்குவது இந்த இடத்தில்தான்.

தாதியியல் கலாநிதி இருவகைத்து. ஒன்று ஆய்வுக் கலாநிதி. மற்றையது தொழில்முறைக் கலாநிதி. உயர்நிலைத் தாதியர்க்கு 2015க்குள் இதுவே பட்டமாக வேண்டும் என்று அமெரிக்கத் தாதியர் கல்லூரிகளின் சங்கம் 2004இல் தீர்மானித்தபின் அந்நாட்டில் பெருகியது இரண்டாவது. இதில் புது உண்மை கண்டுபிடிக்கத் தேவையில்லை. வேறெங்கோ பலித்த ஒரு வழக்கத்தைத் தன் வாட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே அது ஒட்டியதா, ஒட்டாவிட்டால் எது தடுத்தது என்று சொன்னால் போதும். போதும் என்கிறேன், கஷ்டம் அதுதான்.

விளங்குவதற்காக ஒரு செயற்றிட்டத்தை வைத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சை வாட்டு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டியின் ஐந்து தருணங்களைத் தாதியர்க்குப் பயிற்றி, முன்னும் பின்னும் கவனித்து எண்ணுகிறார் ஒருவர். எண்ணிக்கை கூடிவிட்டது. இனி அதற்குப் பொருள் சொல்ல வேண்டும்.

தொகையில் முதலாவது, கூறியது கூறல். முந்திய அத்தியாயத்து அட்டவணை இங்கே வசனமாக உருமாறி நடக்கும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொன்னால் அக்குற்றம் எனக்கும் வரும்.

இரண்டாவது ஒத்தூதல். நன்னூலில் இல்லை, நான் சேர்த்தது. 'இம்முடிவு எத்தியோப்பிய ஆய்வோடு ஒத்துப்போகிறது, ஈரானிய ஆய்வோடும் ஒத்துப்போகிறது, நேபாள ஆய்வோடும் ஒத்துப்போகிறது.' எல்லாரும் ஒத்துப்போனால் நீங்கள் எதற்கு எட்டு வாரம் வாட்டில் நின்றீர்கள் என்று கேட்க நினைப்பேன், கேட்பதில்லை. இதன் கிளை வகை, ஒவ்வாதபோது தோன்றுவது: 'இவ்வேறுபாட்டுக்குப் பண்பாட்டுக் காரணிகள் காரணமாக இருக்கலாம்.' எந்தப் பண்பாடு, எந்தக் காரணி என்று இதுவரை ஒருவரும் எழுதி நான் காணவில்லை. அங்கே கட்டிலுக்குக் கட்டில் கை தேய்க்கும் மருந்துப் போத்தல் தொங்கியது, இங்கே வாட்டின் ஒரு மூலையில் ஒரே குழாய் என்று எழுதினால் விசயம் முடிந்தது. அது பண்பாடு அல்ல, குழாய்.

மூன்றாவது மிகைபடக் கூறல். ஒரு வாட்டில் எண்ணியதை வைத்துக்கொண்டு, 'சுகாதார அமைச்சு நாடளாவிய ரீதியில் உடனடியாக நடைமுறைப்படுத்த வேண்டும்' என்று முடிப்பது. பி-மதிப்பு 0.06 வந்ததை 'முக்கியத்துவத்தை எட்டும் தறுவாயில்' என்பதும் இதன்பாற் படும்.

மற்றொன்று விரித்தல் என்பது பெரும்பாலும் நைட்டிங்கேல் அம்மையாரோடு வரும். கைகழுவலைப் பற்றிப் பேச வந்தவர் இரண்டு பக்கம் விளக்கேந்திய சீமாட்டியைப் பாடுவார். விளக்கை விட்டுவிட்டு அவருடைய 1858ஆம் ஆண்டு வரைபடத்தைப் பார்க்கலாமே! தடுத்திருக்கக்கூடிய தொற்றில் செத்த படையினர் நீலம், காயத்தால் செத்தவர் சிவப்பு, ஏனையோர் கறுப்பு. நீலம் எவ்வளவு பெரிது என்று காட்டியதோடு அவர் வாதம் பாதி முடிந்துவிட்டது. அடைமொழி ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை.

குன்றக் கூறலுக்கு வருவோம். இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனைய குற்றங்கள் சோம்பலால் வருவன, இது பயத்தால் வருவது. 'வரையறைகள்' என்ற தலைப்பின் கீழ் எல்லாரும் எழுதும் மும்மணிகள் உண்டு: மாதிரி சிறிது, காலம் குறுகியது, நிதி போதாது. மூன்றும் உண்மை, மூன்றும் யாரையும் குத்தாது. குத்தக்கூடிய உண்மை வேறிடத்தில் இருக்கும். எண்ணியவர் அதே வாட்டின் சிஸ்டர். அவர் கொப்பியோடு நிற்பதைக் கண்டால் யார்தான் கை கழுவாமல் நடப்பார்? இதற்குப் பெயரே இருக்கிறது, ஹாத்தோர்ன் விளைவு. சிக்காகோவுக்கு அருகே ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய சோதனைகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை கூடியது, பார்க்கப்படுகிறோம் என்பதே காரணம் என்று சொல்வார்கள். பழைய தரவுகளைப் பின்னாளில் கிண்டிப் பார்த்தவர்கள் அந்தக் கதையே அவ்வளவு உறுதியில்லை என்றார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. போகட்டும். பயிற்சி நடந்த அதே மாதம் வாட்டுக்குப் புதுச் சவர்க்காரம் வந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். எழுதினால் தன் பயிற்சியின் பெருமை குறையும் என்று பயம். குறையாது; வாசிக்கிற பரீட்சகர்க்கு எழுதியவர் மேல் நம்பிக்கை கூடும்.

சென்று தேய்ந்திறுதல்: 'மேலும் ஆய்வுகள் தேவை.' நிற்க.

மேற்பார்வையாளர் வகையையும், ஆகாத ஆசிரியர்க்கு உவமை சொன்ன பவணந்தியே தந்துவிட்டார். முடத்தெங்கு என்றது, வளைந்து நின்று அடுத்த வளவுக்குக் காய் போடும் தென்னை. உங்கள் ஆய்வேட்டில் தன்னுடைய ஆய்வை வளர்ப்பவர். மடற்பனை என்றது, தானாக விழுந்தால் ஒழியக் கிட்டப்போய்ப் பறிக்க முடியாதது. மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர்.

குற்றம் இத்தனை சொன்னவன் குணத்துக்கும் உதாரணம் காட்டக் கடமைப்பட்டவன். எங்கள் மட்டக்களப்பு வாவியைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஆகச்சிறந்த கலந்துரையாடல் எமர்சன் தெனந்து எழுதியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளர். மாத்தளைக் கலகத்தை அவருடைய அரசாங்கம் அடக்கிய விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே 1848ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, நீருக்கடியிலிருந்து இசை கேட்கிறது என்ற கதையைச் சோதிக்க வள்ளமேறினார். கல்லடிப் பாலம் அப்போது வந்திருக்கவில்லை. அவர் புறப்பட்டது கோட்டைப் பக்கத்து இறங்குதுறையில். ஈர விரலால் கிண்ண விளிம்பைத் தேய்த்தாற்போல ஒலி என்றார். காதை வள்ளத்துப் பலகையில் வைத்தால் ஒலி பெருத்தது. வள்ளம் நகர நகர ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து, சில இடத்தில் கேட்காமலே போய், பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது. இதிலிருந்து அவர் எடுத்த பொருள் ஒன்றே: காரணம் எதுவானாலும் அது இடம் பெயராமல் இருக்கிறது, ஆகவே மீன் அல்ல, ஊரி என்ற நத்தையினம்தான் என்று மீனவர் சொன்னது இதற்குப் பொருந்துகிறது. 'எதுவானாலும்' என்பதை அவர் விட்டுவிடவில்லை. கண்டது, அதற்கு இசைந்த விளக்கம், இசையாத விளக்கம், தன் எல்லை எல்லாம் சில பக்கத்துக்குள். பௌர்ணமிக்குப் பாலத்தடியில் வள்ளம் விட்டுத் துடுப்பைக் காதில் வைப்பவர்கள் இன்றும் பாடும் மீன் என்றுதான் சொல்வார்கள். தெனந்தின் முடிவு சரியோ பிழையோ, கட்டிய விதம் சரி.

இந்தக் கட்டு எங்கள் தாதியர்க்குத் தெரியாததல்ல. டியூட்டி மாறும் நேரத்தில் வாட்டில் நின்று கேளுங்கள்: "பதினாலாம் கட்டில் ஐயாக்குப் பின்னேரம் காய்ச்சல் இறங்கிட்டு. நேத்துத்தான் மருந்து மாத்தின. அதாலயோ, காயம் கழுவினதாலயோ சொல்லேலா. இராவைக்கு ஒள்ளுப்பம் கவனமாப் பாருங்க, ஏறினா உடனே டொக்டருக்குச் சொல்லுங்க." கண்டது உண்டு, போட்டியிடும் காரணம் இரண்டு உண்டு, தெரியாததைத் தெரியாது என்றதும் உண்டு, அடுத்துச் செய்ய வேண்டியதும் உண்டு. மிகைபடக் கூறினால் நோயாளிக்கு ஆபத்து, குன்றக் கூறினால் அடுத்த ஆளுக்கு ஏச்சு. ஆகவே அளவு தானாக வந்துவிடுகிறது. ஆய்வேட்டுக்கு வந்ததும் இதே ஆள் எத்தியோப்பியாவோடு ஒத்துப்போகிறார்.

அப்படிச் சொல்லி ஒரு தங்கச்சியிடம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாட்டில் சொல்வதைப் போலவே எழுதுங்க என்றேன்.

"அப்பிடி எழுதினா மூண்டு பக்கத்தில முடிஞ்சிரும் அண்ணன். சேர் பன்னிரண்டு பக்கம் கேக்கார்."

"மூணு பக்கத்தைக் குடுத்துப் பாருங்க. மறுகா பார்ப்பம்."

கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டா: "அந்தப் பண்பாட்டுக் காரணியை மட்டும் ஒரு இடத்தில வைக்கட்டா?"