செக்போஸ்ட்

திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் இருந்தது எங்கள் பொறியியல் கல்லூரி. 2000களின் தொடக்கம். லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருத்தன் தட்டுவான், ஒருத்தன் சொல்லுவான், மூன்றாமவன் ரெக்கார்டு நோட்டில் கோடு போடுவான். உலகக் கல்லூரிகளுக்கான ஐசிபிசி நிரலாக்கப் போட்டியின் விதியும் அதுதான்: மூன்று பேர், ஒரு கணினி, ஐந்து மணி நேரம். அங்கே கூட்டாக யோசிக்க வைப்பதற்கு. இங்கே பட்ஜெட் அவ்வளவுதான். ஆக, நான்கு வருடமும் சர்வதேசத் தரத்தில் பயிற்சி எடுத்திருக்கிறோம். 1970இல் டெக்சாஸில் முளைத்து, 1977 முதல் உலக இறுதிச் சுற்று நடத்தும் அந்தப் போட்டியைப் பற்றித்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துக் கல்லூரிகள் நடத்தும் சிம்போசியம். தகுதிச் சுற்று என்பது துறைத் தலைவர் போடும் 'ஆன் டூட்டி' கையெழுத்து. அதைத் தாண்டிப் போனால், கோடிங் போட்டியின் முதல் சுற்றில் கம்ப்யூட்டரே இருக்காது, ஜெராக்ஸ் தாள்தான். 'ஐ பிளஸ்பிளஸ்' உடன் 'பிளஸ்பிளஸ் ஐ'யைக் கூட்டினால் என்ன வரும்? சி மொழியின் தரவரையறைப்படி அதற்கு நிச்சயமான விடையே கிடையாது. ஆனால் டர்போ சி-யின் நீலத் திரை ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை மனப்பாடம் செய்தவன் சான்றிதழோடு பஸ் ஏறினான்.

இப்போது லேபில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். விடுதிப் பையன்கள் இரவு 8.05 ஆனால் கோட்ஃபோர்சஸ் தளத்தின் கோடிங் போட்டிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மணியெல்லாம் காதில் விழாது. கோட்செஃப் தளத்தில் நட்சத்திரம் எத்தனை என்று பிளேஸ்மென்ட் அதிகாரியே விசாரிக்கிறார். ஐசிபிசிக்குப் பெயர் கொடுக்கவும் யார் தயவும் தேவையில்லை என்று நினைத்தால், கோச் என்று ஓர் ஆசிரியர் பெயர் வேண்டும். கையெழுத்து ஒழிந்தது, கையெழுத்துப் போட்டவர் ஒழியவில்லை.

பெயர் கொடுத்த பிறகுதான் பயணமே. முதலில் ஆன்லைன் சுற்று. அதில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் காப்பியடித்தாரா என்று சலிக்கிறார்கள். அப்புறம் அமிர்தபுரி, கான்பூர் என்று வட்டாரச் சுற்று. முன்பெல்லாம் அதில் ஜெயித்தவர்கள் நேரே உலக இறுதிக்குப் போனார்கள். இப்போது நடுவில் ஆசிய மேற்குச் சாம்பியன்ஷிப். உலக இறுதிக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி, ஒருவருக்கு ஆயுளில் இரண்டே முறை என்ற கணக்கு வேறு. கூட்டம் பெருகியதால் சல்லடையும் பெருகியது; நியாயம்தான்.

சமீபத்தில் கல்லூரிக்குப் போனபோது, நாமக்கல் பையன் ஒருவன் இதையெல்லாம் விளக்கினான். அப்பா லாரி டிரைவர். 2017இல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வரிச் சாவடிகளை எடுத்த பிறகு அவருக்குக் காத்திருப்பு குறைந்ததாம்.

"எங்கப்பாவுக்கு செக்போஸ்ட்டையெல்லாம் எடுத்துட்டாங்கண்ணா. எனக்குத்தான் வருசா வருசம் புதுசாக் கட்டறாங்க."