வெங்காயத் தோலும் வாடகை வீடும்

புது ஊருக்குக் குடிபோகிறவர்கள் முதலில் செய்வது, அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, "குடும்பத்தோட இருக்க எந்த ஏரியா நல்லா இருக்கும்?" என்று கேட்பது. புனேயில் நாங்களும் கேட்டோம். கோத்ரூட்டில் இருப்பவர் கோத்ரூட் என்றார். கராடியில் இருப்பவர் கராடி என்றார். ஔந்தில் இருப்பவர், ஔந்தைத் தவிர வேறு இடங்களிலும் மனிதர்கள் வசிக்கிறார்களா என்பதுபோலப் பார்த்தார். சொந்த ஃபிளாட் வாங்கி மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் மாட்டினால் இன்னும் மோசம். அவர்கள் நமக்குச் சொல்வதில்லை, தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். வாங்கிய வீட்டைப் பற்றி நல்லதாகப் பேசுவதும் தவணையில் சேர்த்திதான் போலிருக்கிறது.

2023 கோடையில் என் வீட்டுக்காரருக்குச் சென்னையிலிருந்து மாற்றல் வந்தது. அலுவலகம் ஹிஞ்சேவாடியில். ஐ.டி. உலகமே குடியிருக்கும் அந்த இடம், நாங்கள் போனபோது ஒரு கிராமப் பஞ்சாயத்து. கண்ணாடிக் கோபுரங்கள், நாலாயிரம் கார்கள் நிற்கும் வளாகங்கள், ஊர்த் தலைவராக ஒரு சர்பஞ்ச். எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து வெளியேறும் சாலையைப் பார்க்கும்வரை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். இவர், நான், எட்டாம் வகுப்புப் போகும் மகள், மாயவரத்து அத்தை. அத்தை என்றால் மாமியார். 'குடும்பத்துக்கு ஏற்ற ஏரியா' என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலோ கூட்டணி ஆட்சி. ஆளுக்கொரு தொகுதி கேட்டார்கள், யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இவர் கேட்டது வாகட். ஹிஞ்சேவாடியிலிருந்து பக்கம். மகளுக்கு எங்கே வேண்டும் என்பதைவிட எங்கே கூடாது என்பதில் தெளிவு இருந்தது. வாகட்டுக்குப் பக்கத்தில் பிம்ப்ளே சௌதாகர், பிம்ப்ளே குரவ், பிம்ப்ளே நிலக் என்று மூன்று ஊர்கள். அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தவள், "இருக்கறது பத்தாதுன்னு அட்ரஸ்லயும் வேணுமா?" என்று கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டாள். பதிமூன்று வயதில் முகப்பரு என்பது நகைச்சுவை இல்லை. மூன்று பிம்ப்ளேக்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

அத்தை கேட்டது தண்ணீர். வேறொன்றும் கேட்கவில்லை. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் நாங்கள் மடிப்பாக்கத்தில் இருந்தோம். ராத்திரி லாரிக்குக் காத்திருந்து குடத்தோடு தூங்கிப்போனவர் அத்தை. காவிரிக் கரையில் பிறந்து லாரி வாசலுக்கு வந்து சேர்ந்த மனுஷிக்கு நீச்சல் குளத்தைக் காட்டினால் என்ன நினைப்பார்? வாகட்டில் புரோக்கர் மிகப் பெருமையாக நீச்சல் குளத்தைக் காட்டினார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு ஒரு வார ஆராய்ச்சி தேவைப்பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு எல்லாம் புனேதான். உண்மையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாநகராட்சிகள். ஒன்று புனே, மற்றது பிம்ப்ரி-சிஞ்ச்வட். புனேவுக்குக் கடக்வாஸ்லா அணைத் தொகுப்பிலிருந்து தண்ணீர். பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்குப் பவனா அணை. வாகட் இந்த இரண்டாவதில் வருகிறது, அங்கே 2019 நவம்பரிலிருந்து மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மீதியை டேங்கர் பார்த்துக்கொள்ளும். இதை எந்த விளம்பரப் பலகையும் சொல்லாது. புரோக்கர், "இருபத்தி நாலு மணி நேரமும் தண்ணி" என்றார். பொய்யில்லை. தொட்டியில் இருந்தால் இருபத்து நாலு மணி நேரமும் வரத்தானே செய்யும்?

அத்தையின் முறை வேறு. "டேங்கர் வருமா?" என்று கேட்டால் யாரும் "வராது" என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாட்ச்மேனிடம், "டேங்கர் எத்தனை மணிக்கு வரும்?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். என் ஹிந்தியில் கேட்டேன். அவர் மிக அன்பாக, காலை ஆறரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, விசேஷ நாட்களில் ராத்திரியும் உண்டு என்று கால அட்டவணையே கொடுத்துவிட்டார். புரோக்கர் வானத்தைப் பார்த்தார்.

அடுத்து இவருடைய தூரக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் மேப்பைத் திறந்து, "பாரு, எங்கேருந்து போனாலும் அரை மணிதான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் ஆபீஸ் போகிறார்கள்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அதே மேப்பைத் திறக்கச் சொன்னேன். சாலை முழுவதும் குங்குமம் கொட்டினமாதிரி சிவப்பு. சிவாஜி நகரிலிருந்து ஹிஞ்சேவாடிக்குச் சுமார் 23 கிலோமீட்டர் மெட்ரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் நெரிசலற்ற நாளுக்காக இப்போதே நெரிசலை முழுசாக அனுபவித்துக்கொண்டிருந்தது ஊர். அந்தப் பக்கம் சாந்தினி சௌக்கில், பழைய பாலத்தை 2022 அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் சுமார் 600 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்திருந்தார்கள். நாடே டி.வி.யில் பார்த்தது. புழுதி அடங்கிப் பார்த்தால் பாலம் முழுசாக விழவில்லை. மிச்சத்தை இயந்திரம் வைத்து உடைத்தார்கள். இந்த ஊரில் பாலங்களுக்கே இத்தனை பிடிவாதம் என்றால் வீட்டுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

நடுவில் அத்தை தனியாக ஒரு முயற்சி செய்தார். சொந்தத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டார் ராஸ்தா பேட்டில் இருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். ராஸ்தா பேட், காம்ப், கடகி ராணுவப் பகுதி எல்லாம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்கள். அங்கே ஒரு கடையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, காபித்தூள், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. கடைக்காரர் கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பைக்குள் போட்டார். அத்தை அங்கேயே முடிவு செய்துவிட்டார். "இங்கேயே பாரும்மா. எதுக்கு அலையறது?" அலைய வேண்டியது அவர் மகன்தான் என்பதையும், ஹிஞ்சேவாடி ஊரின் மறுகோடி என்பதையும் சொன்னேன். "அவன் சின்ன வயசுலேருந்தே நல்லா நடப்பான்" என்றார்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது பள்ளிக்கூடம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்புத் தொடங்கிவிடும். நாங்கள் போனபோது எட்டாம் வகுப்பில் இடம் என்று சொன்னவர்கள் கோத்ரூட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மட்டும்தான். மராத்தி உண்டு, எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் கட்டாயம், 2020-லேயே சட்டம் போட்டாகிவிட்டது என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இடம் கிடைத்த பள்ளியைச் சுற்றித்தான் வீடு தேடமுடியும். மற்றதெல்லாம் அதற்கப்புறம் நாமாகச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள்.

கோத்ரூட்டில் வீடு பார்க்கும்போது ஒன்று கற்றுக்கொண்டேன். வாசல் பலகையைப் படிக்காதீர்கள். அதில் எல்லாருக்கும் கிளப் ஹவுஸ், எல்லாருக்கும் பசுமை. லிஃப்ட் பக்கத்தில் இருக்கிற நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். ஒரு கட்டடத்தில் எப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், யார் ஆறு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை, எல்லாம் அங்கே இருக்கும். பாக்கிக்காரர்களின் ஃபிளாட் நம்பர் பட்டியல் நீளமாக இருந்தால் லிஃப்ட் அடிக்கடி நிற்கும் என்று அர்த்தம். நோட்டீஸே இல்லையென்றால் இன்னும் ஆபத்து. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை.

சின்ன வயதில் ஹிந்தி பிரசார சபாவில் மத்யமா வரை எழுதியவள் நான். மராத்திக்கும் அதே எழுத்து என்பதால் எல்லா நோட்டீஸையும் கடகடவென்று படித்துவிடுவேன். அர்த்தம்தான் தெரியாது. ஒரு கட்டடத்தில் நான் இப்படிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர் சிரித்தார். கதர் ஜிப்பா, கையில் பால் பை. என் உச்சரிப்பைப் பாராட்டிவிட்டு, நான் படித்தது என்னவென்று ஹிந்தியில் சொன்னார்: 'நான்காம் மாடியிலிருந்து வெங்காயத் தோலைக் கீழே போடும் அன்பருக்கு. அடுத்த முறை வெங்காயத்தையும் சேர்த்துப் போட்டால் மூன்றாம் மாடிக்கு உபயோகமாக இருக்கும்.'

பக்கத்தில் இன்னொன்று: 'இந்தக் கேட்டின் முன்னால் வண்டி நிறுத்துகிறவர்கள் டயரில் காற்று இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.'

புனேக்காரர்களின் அறிவிப்புப் பலகைகளுக்கு மகாராஷ்டிரம் முழுவதும் பெயர் உண்டு. 'புணேரி பாட்டி' என்று அவற்றுக்குப் பெயர், கேலிப் புத்தகங்களில் சேகரிக்கிற அளவுக்குப் புகழ். திட்டுவதை இவ்வளவு மரியாதையாக, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதி, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டும் ஜனங்கள் எனக்கு உடனே பிடித்துப்போனார்கள். வெங்காயத் தோலுக்கு இத்தனை சிரத்தை எடுத்துக்கொள்கிற இடத்தில் ஒரு குழந்தை மொட்டை மாடியில் சைக்கிள் ஓட்டினால் யாராவது கவனிக்கத்தான் செய்வார்கள். அதோடு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். கீழே பெஞ்சில் நாலைந்து பாட்டிகள், யார் வீட்டுப் பிள்ளை எந்த டியூஷனுக்குப் போகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சிசிடிவி கேமரா இருக்கிறது என்று செக்ரட்டரி தனியாகச் சொன்னார். எதற்கு?

அந்தக் கதர் ஜிப்பாதான் சொசைட்டி சேர்மன் என்பது பேட்டிக்குப் போனபோது தெரிந்தது. வாடகைக்கு வருகிறவர்களை அங்கே பேட்டி எடுக்கிறார்கள். எத்தனை பேர், சொந்த ஊர் எது, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்றார். இவர் நேர்மையானவர். "செவ்வாய், வெள்ளி, சனி வெஜ்" என்றார். சேர்மன் யோசித்தார். "எங்கள் வீட்டில் திங்கள், வியாழன், அப்புறம் சதுர்த்தி." இரண்டு பேரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். மீதி புதனும் ஞாயிறும். "அந்த ரெண்டு நாள் எங்க வீட்டுலயும் மீன்தான்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார். எங்களுக்கு வீடு கிடைத்தது.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய கைகளுக்கு இங்கே கேட்ட மூன்று மாதம் நம்பவே முடியவில்லை. ஆனால் மிச்சமான காசுக்குச் சேர்த்து வேலை வாங்கிவிடுகிறார்கள். பதினொரு மாத ஒப்பந்தம்தான் என்றாலும் பதிவு செய்தே ஆகவேண்டும். லேப்டாப்பும் கைரேகைக் கருவியுமாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். இவருடைய கட்டைவிரலைக் கருவி ஏற்க மறுத்தது. எலுமிச்சம்பழத்தில் தேய்க்கச் சொன்னார், புடவைத் தலைப்பில் துடைக்கச் சொன்னார், அத்தை திருநீறு வைத்துவிட்டார். எதற்கு மசிந்தது என்று தெரியாது, பச்சை விளக்கு எரிந்தது. பிறகு, "உங்களைத் தெரிந்த ரெண்டு பேர் சாட்சி வேணும்" என்றார் ஏஜென்ட். ஊருக்கு வந்து பத்து நாள் ஆகவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் பால்காரரும் டேங்கர் நேரம் சொன்ன வாட்ச்மேனும்தான், அவரும் வேறு மாநகராட்சி. கடைசியில் சேர்மனும் அவர் மனைவியும் வந்து விரல் வைத்தார்கள். வைத்துவிட்டு எங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

குடிவந்த மறு வாரம் நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு காகிதம். இந்த ஊரின் பழைய பேட்டைகளில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடைகளை மூடிவிட்டுத் தூங்குவது புகழ்பெற்ற வழக்கம். சாப்பிட்டபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் அந்தத் தூக்கத்துக்கு வாமகுக்ஷி என்று சாஸ்திரப் பெயரே உண்டு. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று அத்தையிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அத்தை மதியம் தூங்குகிறவர் இல்லை. இரண்டு மணிக்குச் சமையலறையைக் கழுவிவிட்டு, கோயம்புத்தூர் கிரைண்டரைப் போட்டுவிடுவார்.

நோட்டீஸைப் படித்து, பெஞ்சுப் பாட்டி ஒருத்தியிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு, மேலே வந்து அத்தையிடம் சொன்னேன்: '302-க்குப் புதிதாக வந்திருப்பவர்களை வரவேற்கிறோம். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை உங்கள் வீட்டில் சுற்றும் கல் எங்கள் தலையில் சுற்றுகிறது. கல்லை நிறுத்துங்கள், அல்லது இட்லியை அனுப்புங்கள்.'

அத்தை வழித்துக்கொண்டிருந்த மாவை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இது இட்லிக்கு இல்லம்மா, அடைக்கு. விசாரிச்சுட்டு எழுதச் சொல்லு."