மூன்றாவது படி

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. மலேசியாவிலேயே முதலாவது என்று கெடாக்காரர்கள் நாங்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் அங்கே சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையைத் திறந்தது. மின்சாரக் கார்களுக்குப் போகிற சில்லு. பெருமைதான், மறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் தோட்டத்து லயத்தில் இருக்கிறார். அவர் போன் பேச வேண்டுமென்றால் மாரியம்மன் கோயில் மூன்றாவது படியில் நிற்க வேண்டும். நான்காவதில் ஏறினால் அம்மன் தெரிவாள், லைன் போய்விடும்.

மேடைக்கு மேடை புத்தாக்கம் என்கிறார்கள். தோட்டத்துக்கும் வந்தது. முன்பு இருட்டோடு பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவார். இப்போது கைரேகை இயந்திரம். முப்பது வருஷம் பால்மரம் சீவிய விரலில் ரேகை எங்கே மிச்சம்? ‘மீண்டும் முயல்க’ என்கிறது. கங்காணி வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் ஆளைத் தெரியும்.

நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று நகரத்தில் புது வேலைப் பண்பாடு பேசுகிறார்கள். பால்மரத்துக்கு அது இன்னும் எட்டவில்லை. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அவ்வளவுதான்.

மாமாவின் மகளுக்குக் கூலிமில் ஒரு சில்லு ஆலையில் இரவு ஷிப்ட். முடிந்ததும் அப்பாவுக்குப் போன் அடிப்பாள். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் மூன்றாவது படியில் நிற்கிறார்.