௸ போட்டால் மிச்சம்: கெர்னல் கேள்வி-பதில்

வழக்கமாகப் புளி விலை, மாங்காய் வரத்து என்று எழுதும் தர்மபுரி மாவட்டத்து வாசகர்கள் இம்முறை கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளேயே கையை விட்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்வியும் கெர்னலைப் பற்றித்தான். அதாவது இயங்குதளத்தின் கருவறை பற்றி.

லேப்டாப்பில் 8 ஜிபி ராம் என்று விற்றார்கள். லினக்ஸில் பார்த்தால் குறைவாகக் காட்டுகிறது. மீதியை யார் தின்றது? (பென்னாகரம் வாசகர்)

பெரும்பகுதி கிராபிக்ஸுக்கும் ஃபர்ம்வேருக்கும் போயிருக்கும். கெர்னலும் தன் பங்குக்குக் கணக்குப்பிள்ளைக் கூலி எடுத்துக்கொள்கிறது.

லினக்ஸ் மெமரியை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகக் கூறு போடுகிறது. இந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. 64 பிட் கணினியில் அந்தச் சீட்டு 64 பைட். 8 ஜிபியில் இருப்பவை 20,97,152 பக்கங்கள். ஆக, சீட்டுக்கு மட்டும் 128 எம்பி. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மண்டிக் கமிஷனோடு ஒப்பிட்டால் தர்ம விலைதான்.

ராம் கொட்டிக் கிடக்கும் காலத்தில் 8 பைட், 10 பைட்டுக்காகச் சண்டை போடுகிறார்களாமே, வேறு வேலை இல்லையா? (அரூர், கல்லூரி மாணவி)

அந்தச் சீட்டில் 8 பைட் கூட்டிப் பாருங்கள். மேற்படி லேப்டாப்பில் 16 எம்பி காலி. 1 டிபி ராம் உள்ள சர்வரில் சீட்டுக்கே ஏற்கெனவே 16 ஜிபி போகிறது. அங்கே இன்னும் 2 ஜிபி போகும். அதனால்தான் புதிதாக யாராவது அதில் ஒரு தகவலைச் சொருக வந்தால் பட்டா நிலத்தில் வரப்பை வெட்டியதுபோல் எல்லோரும் கூடிவிடுகிறார்கள்.

‘மேற்படி’ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய கணக்கேடுகளில் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ௸ என்று ஒரு குறி போட்டுவிடுவார்கள். லினக்ஸிலும் அது நடந்தது. டேட்டாபேஸ் போன்றவை 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களைக் கேட்டு வாங்கும். அப்படி ஒன்றுக்கு 512 சீட்டு, மொத்தம் 32 கேபி, அதாவது 8 பக்கம். முதல் சில சீட்டுகளைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பாட்டு. பைட்டான்ஸ் நிறுவனத்தின் முசுன் சாங் எழுதிய மாற்றம் 2021இல் 5.14 பதிப்பில் சேர்ந்தது. ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களை ஒரே பிரதிக்குத் திருப்பிவிட்டு மற்றவற்றை விடுவிப்பதுதான் உத்தி. பிறகு அதையும் இறுக்கி, எட்டில் ஏழு பக்கத்தை மீட்டுவிட்டார்கள். சுத்தமான ௸!

ஸ்ட்ரக்சரில் ‘ஓட்டை’ என்கிறார் எங்கள் பேராசிரியர். சி மொழியிலும் ஓட்டையா? (தர்மபுரி, பொறியியல் மாணவர்)

கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 8 இலை. முதலில் ஒற்றை ஆள் வந்து உட்கார்கிறார். அடுத்து 8 பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் வருகிறது. பிரிந்து உட்கார மாட்டோம் என்று அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. பின்னால் இன்னோர் ஒற்றை ஆள், அவருக்கு மூன்றாவது வரிசை. பத்துப் பேருக்கு 24 இலை!

ஸ்ட்ரக்சரின் உறுப்புகளை 1 பைட், 8 பைட் பாயின்டர் (அதாவது ஒரு முகவரி), 1 பைட் என்ற வரிசையில் எழுதினால் கம்பைலர் இதைத்தான் செய்யும். ஒற்றை ஆள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் 16இல் முடியும். அந்தக் காலி இலைகள்தான் ஓட்டை. அவற்றைக் காட்டிக்கொடுக்க ‘பாஹோல்’ என்றொரு கருவி இருக்கிறது. பிரேசில்காரரான அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ உருவாக்கியது.

பாயின்டரிலேயே இடம் பிடிக்கும் கில்லாடிகளும் உண்டு. எட்டால் வகுபடும் முகவரியில் கடைசி 3 பிட் எப்போதும் பூஜ்யம். லினக்ஸின் சிவப்பு-கறுப்பு மரம் என்ற தரவு அமைப்பில் கணுவின் நிறத்தை அந்தச் சந்திலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள், பாட்டி முந்தானையில் காசு முடிந்ததுபோல.

இதிலெல்லாம் நம் பக்கத்து ஆட்கள் யாரும் இல்லையா? (பாலக்கோடு வாசகர்)

ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அங்கே ஐபிஎம்மின் லினக்ஸ் குழுவில் இருந்த மனீஷ் சோனி, 2003-04இல் சரியான ஒரு சிக்கலைப் பிடித்தார். 2.6 கெர்னலில் சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு புதிது. கணினியில் மாட்டிய ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஓர் அடைவும் குட்டிக் குட்டிக் கோப்புகளும் வரும். யாரும் திறந்து பார்க்காவிட்டாலும் அவற்றுக்கான டென்ட்ரியும் (பெயர்ச் சீட்டு) ஐநோடும் (விவரச் சீட்டு) மெமரியில் நிரந்தரமாகக் குடியிருந்தன.

வீட்டுக் கணினியில் இது உறுத்தாது. ஆயிரக்கணக்கில் டிஸ்க் மாட்டிய பெரிய இயந்திரத்தில் கழுத்தைப் பிடித்தது. அன்றைய 32 பிட் இயந்திரங்களில் எத்தனை ஜிபி ராம் போட்டாலும் கெர்னல் நேரடியாகக் கையாண்டது சுமார் 896 எம்பிதான். இந்தக் குடியிருப்பெல்லாம் அதற்குள்தான். சோனியின் வழி எளிது: ஒவ்வொன்றுக்கும் சின்னத் துண்டுச் சீட்டு மட்டும் வை, யாராவது திறக்கும்போது மற்றதைக் கட்டு, வேலை முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள். விருந்தாளி வந்த பிறகு இலை போடும் பழக்கம். 2004 கடைசியில் அது லினக்ஸில் சேர்ந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டே போகலாமே? (காரிமங்கலம் வாசகர்)

போகலாம், முட்டிக்கொள்ளும் வரை. இரண்டு பிராசசர்கள் அடிக்கடி திருத்தும் இரு எண்களை ஒரே 64 பைட் கேஷ் வரிசைக்குள் நெருக்கினால், வரிசை இரண்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டு வேகம் படுத்துவிடும். அதற்காகவே சில இடங்களில் வேண்டுமென்றே ஓட்டை விடுகிறார்கள்.

சிக்கனத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. கெர்னலின் மெமரிப் பங்கீட்டாளர்களில் மகா சிக்கனக்காரராக இருந்தது ‘ஸ்லாப்’ வகையறாவைச் சேர்ந்த ‘ஸ்லோப்’. சின்னஞ்சிறு கருவிகளுக்காகவே பிறந்தது. பராமரிக்கும் பாடு தாங்காமல் 2023இல் 6.4 பதிப்பில் அதை வழியனுப்பிவிட்டார்கள்.

கெர்னல் படிக்கப் போகிறேன் என்று பையன் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான். உண்மையிலேயே படிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பாப்பாரப்பட்டி, ஒரு தாய்)

லினக்ஸில் ‘ஸ்லாப்டாப்’ என்ற கட்டளையைப் போடச் சொல்லுங்கள் அம்மா. கெர்னலின் எந்தப் பொருள் எத்தனை இருக்கிறது, ஒன்று எவ்வளவு பெரிது என்று பட்டியல் ஓடும். அதில் டென்ட்ரி என்ற வரியைக் காட்டி, “இது ஏன்டா இத்தனை லட்சம்?” என்று கேளுங்கள். பதில் சொன்னால் காபி போட்டுக் கொடுங்கள். “கரன்ட் போயிடுச்சு” என்றால் லேப்டாப்பை வாங்கி வைத்துவிடலாம்.