ஆறு எம்.எம். ஆசாமி

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒரு செயலாளர் இருப்பார், ஒரு பொருளாளர் இருப்பார். இந்த இரண்டு பேரையும் விடச் செல்வாக்குள்ள மூன்றாமவர் ஒருவரும் இருப்பார். அவருக்குத் தேர்தல் கிடையாது, பதவிக்காலமும் கிடையாது. சொந்தமாக டிரில்லிங் மெஷின் வைத்திருப்பதுதான் தகுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரத்தில், எந்த வீடென்று தெரியாமல் சுவர் வழியாகவே வந்து தலையணைக்குள் புகும் ‘டுர்ர்ர்’ அவருடைய உபயம்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. “நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்” என்று சொன்ன கார்பென்டர்தான் அவரை உருவாக்கியவர். அந்த நாளை வரவே இல்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்த கர்ட்டன் ராடில் ஒட்டடை படிந்தது. கடைசியில் வந்த கார்பென்டர் ஐந்து நிமிஷத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று ராத்திரி நம்மவர் தூங்கவில்லை. மெஷின் 2,700 ரூபாய், ஓட்டைக்கு 300. ஒன்பது ஓட்டையில் போட்ட பணம் வந்துவிடும், பத்தாவதிலிருந்து லாபம். கணக்கு கச்சிதம்தான். வீட்டுக்குத் தேவையான ஓட்டைகள் மொத்தமே மூன்று என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மெஷின் வந்து இறங்கும். பெட்டியைத் திறந்து, பிட்டைச் சொருகி, சக் கீயால் முறுக்கி, வேலையைத் தொடங்குவதற்கு முன் வெறும் காற்றில் இரண்டு தடவை ‘டுர், டுர்’ என்று ஓட்டிப் பார்ப்பார். இதைச் செய்யாமல் டிரில்லைக் கையில் எடுத்த ஆண்பிள்ளை யாரும் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த பிளாக், டெக்கர் என்ற கூட்டாளிகள், துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் வைத்த டிரில்லுக்கு 1917-ல் காப்புரிமை வாங்கினார்கள். பிடியைத் துப்பாக்கி மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் பிடிப்பவரை மட்டும் சாதுவாக இருக்கச் சொன்னால் எப்படி?

முதல் ஓட்டை ஒரு குடும்ப விழா. மகன் டார்ச் பிடிப்பான். எங்கே பிடித்தாலும் “அங்க இல்லடா, இங்க காட்டு” என்று திட்டு வாங்குவான். மனைவி தூசி விழாமல் தினத்தாளை ஏந்தி நிற்பார். ரசமட்டம் வாங்கவில்லை, செல்போனில் இருக்கிறது. பென்சிலால் குறி போட்டாயிற்று. விசையை அழுத்தினால் மெஷின் கத்துகிறது, சுவர் அசைய மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிஷம் தம் பிடித்து அழுத்தியதில் பெயின்ட் மட்டும் பளபளவென்று ஆகியிருக்கும், லேசாகக் கருகல் வாசனை வரும். மெஷின் தலையில் சுத்தியல் படம் போட்ட ஒரு திருகு உண்டு. செங்கல், கான்கிரீட் என்றால் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். சுற்றுவதோடு இடிக்கவும் செய்யும். மரம், இரும்பு என்றால் இடி வேண்டாம். பிட்டும் அப்படித்தான்: சுவருக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. இதெல்லாம் பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் பரணில் இருக்கிறது.

சுத்தியல் பக்கம் திருப்பியதும் பிட் குறியை விட்டு வழுக்கிக்கொண்டு போய், பூச்சைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆறு எம்.எம். போட நினைத்த இடத்தில் எலுமிச்சம்பழம் போகும். 1911 வாக்கில் ஜான் ராலிங்ஸ் என்ற லண்டன்காரர், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சார சாமான்களைப் பொருத்துவதற்காகக் கண்டுபிடித்தது ரால் பிளக். நம்மவர் அதைச் சொருகினால் அது உள்ளே விழுந்து காணாமல் போகும். உடனே விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி உருவி, இரண்டு தீக்குச்சியும் சேர்த்து ஓட்டையை அடைத்து ஸ்க்ரூவை முறுக்குவார். அது நிற்காது. பக்கத்தில் இன்னொன்று போடுவார். இவர்கள் வீட்டுச் சாமி படங்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாவது பக்தியால் அல்ல. நாலு ஓட்டையை மறைக்கச் சின்னப் பிள்ளையார் போதாது, திருப்பதி பெருமாள் ஆளுயரத்தில் எழுந்தருள வேண்டியிருக்கிறது.

ஒருநாள் சாவி ஸ்டாண்டு மாட்டுவதற்காக ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே வைத்து அழுத்தினார். ‘டப்’. ஹாலே இருண்டது. வந்த எலக்ட்ரீஷியன் சுவரையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

“சார், போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ எப்பவும் கை வைக்காதீங்க. ஒயர் பைப்பு அங்கதான் ஓடும். இதே மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா சாவி மாட்ட நீங்க இருக்க மாட்டீங்க.”

“இல்லப்பா, நான் யூடியூப்ல...”

“தூசியப் பாருங்க சார். சிவப்பா வந்தா செங்கல், போட்டுக்கலாம். சாம்பலா வந்து பிட்டு இறங்கலன்னா பில்லர், அதோட மல்லுக்கட்டாம விட்டுடுங்க. வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கா? முப்பது மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்ட்ட நிறுத்திடும். மொதல்ல அத மாட்டுங்க. ஒரு கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்குங்க. புதுசா கத்துக்கறவருக்கு ஒரு இம்பேக்ட் டிரில், ஸ்க்ரூ முடுக்க பேட்டரில ஓடுற சின்ன மெஷின் ஒண்ணு. அவ்வளவுதான் சார் வேணும்.”

அவ்வளவுதானா? நம்மவர் அடுத்த மாதமே ஆங்கிள் கிரைண்டர் வாங்கினார். எதற்கு என்று கேட்கக் கூடாது. தள்ளுபடியில் கிடைத்தது. நாலு அங்குல டிஸ்க், நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று. இரும்பு வேலை செய்கிறவர்களே தகட்டு மூடியைக் கழற்றாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, காலை அகட்டி நின்று பயபக்தியோடு தொடும் சாமான் அது. வீட்டில் அதற்கு வேலை எதுவும் இல்லாததால், சாவி தொலைந்த டிரங்குப் பெட்டியின் பூட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தீப்பொறி பறக்க அறுத்தார். பெட்டிக்குள் பழைய போர்வை இரண்டு இருந்தன. மறுநாள் பூஜை அலமாரியில் சாவியும் கிடைத்தது.

இவரிடம் மெஷினை இரவல் கேட்டால் தர மாட்டார். மெஷினோடு தன்னையும் சேர்த்துத் தருவார். “ஒரு கண்ணாடி மாட்டணும்” என்று மாடிப்படியில் யாரோ சொன்னது காதில் விழுந்தால் போதும், பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மகன், டார்ச் சகிதமாக வாசலில் நிற்பார். மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் கார் டிக்கியில் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் டிரில்லும் போகும். புதுச் சுவரைக் கண்டால் அவருக்குக் கை நமநமக்கும். வீட்டு மாப்பிள்ளையை வேண்டாம் என்று யார் சொல்வது? மாமனார் மட்டும், “மாப்ள, மொதல்ல சாப்ட்டுருங்க” என்று பந்தியைக் காட்டி அரை மணி நேரம் சுவரைக் காப்பாற்றினார்.

ஆனாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். குழாய் அடியில் வாளி வைத்துக்கொண்டும், ஆடும் நாற்காலிக்குக் காகிதம் மடித்துக் கொடுத்துக்கொண்டும் யாராவது வந்து சரிசெய்வார் என்று காத்திருக்கும் நம்மில், கையை அழுக்காக்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். இருபதாவது ஓட்டைக்கு மேல் நிஜமாகவே நேராகப் போட ஆரம்பித்தார். பிட் வழுக்கும் இடத்தில் முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொள்கிறார், ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் குளியலறையில் அவர் மாட்டிக் கொடுத்த கைப்பிடி இன்றுவரை அசையவில்லை.

வாடகை வீட்டைக் காலி பண்ணும் நாள் வந்தது. வீட்டுக்காரர் பேனாவும் பேப்பருமாக வந்து படங்களைக் கழற்றச் சொன்னார். பெருமாள் இறங்கினார், பின்னாலேயே உண்மை வெளிவந்தது. மொத்தம் 23 ஓட்டை. பட்டி பார்க்கும் கூலி ஓட்டைக்கு 300 ரூபாய் வீதம் 6,900 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.

“எதுக்கு சார் ஆளு? நானே அடைச்சு, பட்டி பார்த்து, வழவழன்னு தேய்ச்சுக் கொடுத்துடறேன்” என்றார் நம்மவர்.

அன்று ராத்திரி செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கேட்டார்: “ஏங்க, தேய்க்கறதுக்கு நாலு உப்புத்தாள் போதாதா?”

“கையால தேய்ச்சு என்னிக்கு முடியறது? சாண்டர் மெஷின் மூவாயிரத்து இருநூறுதான். இருபத்துமூணு ஓட்டைய நாமளே அடைச்சா, மெஷின் போக மூவாயிரத்து எழுநூறு லாபம்.”