நாயாற்றுப்படை

எங்கள் ஒழுங்கைக்குள் பேத்தோவன் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை வருவார். ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் றோஸ் பாண், கிம்புலா பணிஸ், மாலு பாண். கூரையில் ஒலிபெருக்கி, அதில் ‘பியூர் எலீஸ்’. 1810ஆம் ஆண்டு எழுதப்பட்ட அந்த மெட்டு எந்த எலீசுக்காக எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். தெமட்டகொடையில் அந்தச் சந்தேகம் ஒருவருக்கும் இல்லை. அது பாணுக்காக எழுதப்பட்டது.

முதல் இரண்டு சுரம் விழுந்ததும் எழும்பி, மூன்றாவதில் கேற்றடிக்குப் போய், நாலாவதில் ஊளையிடத் தொடங்கும் ஒரு பிராணி ஆறு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது. ரஷ்யாவில் பவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு வாங்கினார். பாவம், அவருக்குச் சூன் பாண் வண்டி வாய்க்கவில்லை.

நாயின் பெயர் பாணன். இந்தப் பெயரால் எனக்குத் தகுதியில்லாத ஒரு மரியாதை சேர்ந்திருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தமிழ் வாத்தியார், “நாய்க்கும் சங்கப் பெயர் வைச்ச ஆளை இண்டைக்குத்தான் காணுறன்” என்று கண் கலங்கினார். நடந்தது வேறு. குட்டியாக இருக்கையில் அது பாண் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. நான் ஒரு துண்டு எறிந்தேன். தின்றுவிட்டு எங்கள் கேற்றுக்குள்ளேயே படுத்துவிட்டது. பாண் தின்பவன் பாணன். அந்தப் பாணும் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல் என்பதை வாத்தியாரிடம் நான் சொல்லவில்லை. கலங்கிய கண்ணை ஏன் மேலும் கலக்குவான்?

ஆனாலும் பெயர் பொருத்தம்தான். சங்கத்துப் பாணர்களுக்கு முழுநேரத் தொழில் யாழ் என்றால் பகுதிநேரத் தொழில் பசி. வள்ளல் ஒருவனிடம் வயிறு நிறையத் தின்று பரிசிலும் வாங்கி வருகிற பாணன், வழியில் வேறொரு பசித்த பாணனைக் கண்டு ‘நீயும் அங்கே போ’ என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. அங்கே ஒரு நாய் குட்டி போட்டுக் கிடக்கும். கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்க, அது வலி தாங்காமல் குரைக்கும். வீட்டில் சோறில்லாததால் நாய்க்குச் சாப்பாடில்லை. தமிழ் இலக்கியம் அறிந்த பிரச்சினை அது ஒன்றுதான். சோறு இருக்கிறது, கறி இருக்கிறது, நாய் தின்னுதில்லை என்றால் என்ன செய்வது என்று நத்தத்தனார் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேத்தோவன் வந்தார். பாணனின் இடது காது மட்டும் எழும்பி, பிறகு அதுவும் படுத்துவிட்டது.

“கொழுப்பு. ராத்திரி நீங்கள் குடுத்த கொத்து ரொட்டி இன்னும் செமிக்கேல்லை” என்றாள் மனைவி. மாமி, அதாவது அவளுடைய அம்மா, இன்னும் உயர்ந்த விளக்கம் சொன்னார். “நாயெண்டால் இடைக்கிட ஒரு நேரம் பட்டினி கிடக்கும். மனுசரைப் போலயே, கண்டதையும் எந்நேரமும் திண்டுகொண்டிருக்க?” இதைச் சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார்.

திங்கட்கிழமை சூடை மீன் அவித்துச் சோற்றில் பிசைந்து வைத்தோம். மணந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். அவித்த கோழி ஈரல். திருப்பினான். மரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தால் உயிர் போகிற நேரத்திலும் வாங்குவான் என்று நான் அடித்துச் சொன்னேன். பிஸ்கட் தேத்தண்ணிக்குள் கரைந்தது, என் சொல்லும் கூடவே கரைந்தது. சமபோஷவை உருண்டை பிடித்து நீட்டினேன். மரியாதைக்காக ஒரு தரம் நக்கினான். கலியாண வீட்டில் நீரிழிவுக்காரர் பாயாசத்தை நக்குவதுபோல.

மத்தியானம் நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஆறு வருடமாக ‘நாய் குசினி வாசற்படி தாண்டப்படாது’ என்பது மாமியின் சட்டம். அன்றைக்கு அவர் தானாகவே ஒரு கிண்ணம் இரசத்தோடு அந்த வாசற்படியில் குந்தியிருந்து, “இஞ்ச வா ராசா, ஒரு வாய் குடி” என்று கூப்பிட்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்து இருபத்தொரு வருடம். எனக்குக் காய்ச்சல் வந்ததும் உண்டு.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஒவ்வொருவருக்கும் முன்பொரு நாய் இருந்திருக்கிறது, அது ஒருநாள் சாப்பிடாமல் விட்டிருக்கிறது, ஒரு மருந்தால் எழும்பியிருக்கிறது. பரிசில் பெற்றவர்கள் பெறாதவனுக்கு வழி சொன்னார்கள். ஒருவர் கருவாட்டைச் சுட்டு மூக்கில் பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் மாசித்தூள். இஞ்சி. தேன். கண்ணூறு. பாண்காரர் வண்டியை நிறுத்தி “அனே பவ்” என்று இறங்கி வந்து, காசு வாங்காமல் ஒரு மாலு பாணைப் பாணன் முன்னால் வைத்துவிட்டு, அது தின்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஐந்து நிமிடமும் பேத்தோவன் நிற்கவே இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா இருக்கிறார். பாணனின் எச்சில் உடுப்பில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும் என்பதால் ஆறு வருடமாக மதிலோடு மட்டுமே அவருக்கும் பாணனுக்கும் பழக்கம். அன்று பின்னேரம் மதிலுக்கு மேலால் ஒரு சட்டி வந்தது.

“தம்பி, எலும்பு சூப். உப்புப் போடல்ல, அவனுக்கெண்டே காய்ச்சின. சட்டியத் திருப்பித் தர வேணாம், நீங்களே வெச்சிக்கொள்ளுங்க.”

நல்ல சட்டி. இப்போதும் எங்களிடம் இருக்கிறது.

இரவு ஸ்காபரோவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் வந்தான். அமெரிக்காவில் நாய்க்குப் பசியெடுக்க வைப்பதற்கென்றே ஒரு மருந்தை 2016இல் அங்கீகரித்திருக்கிறார்கள், அதை வாங்கு என்றான். தெமட்டகொடையில் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டேன். “அதை நீர்தான் பார்க்க வேணும் அத்தான்” என்று சொல்லி, தன்னுடைய நாயைத் தூக்கிக் கமராவில் காட்டினான். அது நல்லாய்ச் சாப்பிட்ட நாய்.

செவ்வாய்க்கிழமை மனைவி கொச்சிக்கடைக்குப் போனாள். அந்தோனியாரிடம் செவ்வாயில் யாரும் போகலாம், சைவமா வேதமா என்று அவர் கேட்பதில்லை. தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருவதில் அவர் பேர்போனவர். பசி தொலைந்தாலும் தொலைந்ததுதானே என்பது அவளுடைய வாதம். மாமி விட்டுக்கொடுப்பாரா? நாய் வைரவருடைய வாகனம், வாகனத்தில் பழுது என்றால் உடையவரிடம்தான் போகவேண்டும் என்று சொல்லி, வைரவருக்கு வடைமாலை நேர்ந்தார்.

இவர்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரம் எதிர்வீட்டு அங்கிள் வந்தார். ரயில்வேயில் இருந்தவர். தெமட்டகொடை ரயில் கொட்டகையில், வைஸ்ராய் ஸ்பெஷலை இழுக்கிற பழைய நீராவி எஞ்சின்களோடு வயது போனவர். எந்த வைத்தியமும் சொல்லாமல் குந்தியிருந்து, பாணனின் மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தார். எஞ்சினின் நெருப்பறைக் கதவைத் திறந்து பார்க்கிற பார்வை அது. ஈறு கடதாசிபோல வெளிறியிருந்தது. பிறகு காதைப் பிரட்டினார். காது மடிப்புக்குள் மண்ணிறத்தில் நாலைந்து உண்ணிகள், கொழுத்து, மிளகுபோல.

“நெருப்பு அணைஞ்சு கிடக்கு. நீங்கள் மூண்டு நாளா நிலக்கரி கொட்டுறீங்கள்” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். “த்ரீவீல் எடுங்கோ.”

மிருக வைத்தியர் இளம்பிள்ளை. இரத்தம் எடுத்தார், சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார், என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவருடைய பேனை எழுதுவதை நிறுத்திவிட்டது. மாமியின் இரசத்தில் உள்ளி இருந்ததா என்று மட்டும் கேட்டார். உள்ளியும் வெங்காயமும் நாயின் சிவப்பணுவை உடைக்குமாம். இரசத்தை அவன் தொடவில்லை என்றேன். “உங்களைவிட அவனுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு” என்றார்.

நோய் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்று ஒரு பக்றீரியா வெள்ளையணுவுக்குள் போய்க் குடியிருக்கும். இரவில் படித்துப் பார்த்தேன். 1935இல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வியட்நாம் போருக்கு அமெரிக்கர் கொண்டுபோன நாய்களில் நூற்றுக்கணக்கானவை இதனால் செத்திருக்கின்றன. தெமட்டகொடைக் கால்வாய்க்கரைப் புல்லில்தான் உண்ணி ஏறியிருக்கும் என்று நான் பழியை மாநகரத்தின்மேல் போடப் பார்த்தேன். வைத்தியர் விடவில்லை. இந்த மண்ணிற உண்ணிக்குப் புல் தேவையில்லை, வீட்டுச் சுவர் வெடிப்பிலேயே முட்டையிட்டுப் பெருகும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும் என்றார். இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று ஓட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொன்னேன். அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் நாய் மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது. மற்ற எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன.

பிளேட்லெட் 38,000. நாய்க்கு 2 இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டும். இந்த எண்ணை ஒழுங்கையில் சொன்னது நான் விட்ட பெரிய பிழை. 2017இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு என்று கணக்கு. அதற்குப் பிறகு கொழும்பில் பிளேட்லெட் நிபுணர் இல்லாத வீடு இல்லை. அரை மணித்தியாலத்தில் எங்கள் வாசலில் மூன்று வீட்டுப் பப்பாசி இலைகள் குவிந்தன. நான்காவதாக ஒருவர் மரத்தையே கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வைத்தியர் வேண்டாம் என்றதால் அத்தனை இலையும் குப்பைக்குப் போனது. அதில் ஒருவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

மருந்து டொக்சிசைக்ளின். எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே குளிசை. 28 நாள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கவேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு! இதை எழுதித் தந்தபோது வைத்தியரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாந்தியை நிறுத்தத்தான் ஊசி போட்டிருக்கிறேன், சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுங்கள், மணம் எழும்பினால் கொஞ்சமாவது தின்பான் என்றார். நாயின் நாக்கில் சுவைமொட்டு நம்முடையதில் ஐந்திலொரு பங்குதான், மற்றதெல்லாம் மூக்கு. ஆகவே ராத்தாவின் சூப்பைச் சூடாக்கினோம். வீடெல்லாம் மணத்தது. எனக்குப் பசித்தது. அவன் நாலு கரண்டி குடித்தான், அதையே சாப்பாடென்று கணக்கில் எழுதிக்கொண்டோம்.

குளிசை கொடுப்பது தனிக் கதை. மனைவி அதைத் தயிருக்குள் ஒளித்தாள். தொலைபேசியில் வைத்தியர் கத்தினார்: பாலிலும் தயிரிலும் உள்ள கல்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. பிறகு நான் வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்து, வாயைப் பொத்தி, தொண்டையைத் தடவி, ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். விழுங்கினான். மிகவும் பணிவாக வாலையும் ஒருதரம் ஆட்டினான். பத்து நிமிடம் கழித்து அலுமாரிக்குக் கீழே குளிசை கிடந்தது. வைத்தியரிடம் பாடம் கேட்டது நான் மட்டுமில்லைப் போலிருக்கிறது. அன்றிலிருந்து விழுங்கிய பிறகும் ஐந்து நிமிடம் அவன் வாயைப் பிடித்தபடி இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவியோடு அவ்வளவு நேரம் நான் அப்படி இருந்ததில்லை என்று அவளே சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. புரட்டாசிச் சனி. மாமி விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்து, எள்ளெண்ணெய் எரித்து, வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் வைத்துக் குழாயடிக் கட்டில் கொண்டுபோய் வைத்துக் “கா, கா” என்று கூப்பிட்டார். காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். ரயில் பாதைப் பக்கமிருந்து ஒரு காகம் வந்து மதிலில் குந்தி, தலையைச் சரித்துப் பார்த்தது.

அந்த நேரம் விறாந்தையில் ஒரு சத்தம். நகம் சீமெந்தில் உரசுகிற சத்தம். ஆறு நாளாகக் கேட்காத சத்தம்.

மீன், ஈரல், மாலு பாண் எல்லாவற்றுக்கும் முகம் திருப்பிய பாணன், ஆடி ஆடி நடந்து வந்து, மாமியைத் தாண்டி, காகத்தின் இலையில் வாய் வைத்தான். முழுக்கத் தின்றான். இலையையும் நக்கினான். விரதச் சமையல், வெங்காயமில்லை, உள்ளியில்லை. வைத்தியர்கூடக் குறை சொல்ல முடியாது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். காகம் மட்டும் கத்தியது.

மாமி உள்ளே போய் இரண்டாவது இலை கொண்டுவந்து வைத்தார். பாணன் அதையும் முடித்தான். மூன்றாவது இலைக்கு நான் அவனைக் கழுத்துப் பட்டியில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய் நிற்கிற இடத்துக்கு வரக் காகத்துக்கு மனமில்லை. நாயை உள்ளே கொண்டுபோக எனக்கு மனமில்லை. நேரம் இரண்டு மணி ஆகியது. மாமியின் கை பசியில் நடுங்கியது.

“விடு தம்பி” என்றார் கடைசியில். மூன்றாவது இலையையும் பாணனிடம் தள்ளிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார். “சனீஸ்வரன்ர வாகனத்துக்கு வைச்சதை வைரவற்ற வாகனம் திண்டிட்டுது. ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சுத் தீர்க்கட்டும்.”

குசினிக்குள் போய்ப் பலகையில் இருந்தார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.